பரீட்சைக்கு வைத்திருந்த பல்

குஷன்காரருக்கு மூன்று கைகள் என்று பக்கத்து வெல்டிங் கடையில் கேலி பேசுவார்கள். சோபாவின் சட்டத்தில் ரெக்சினை இழுத்துப் பிடிக்க ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை, மூன்றாவது கை வாய். உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே எப்போதும் ஒரு பிடி ஆணி இருக்கும். ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளிக் கொடுப்பார். நைலான் நூலை அறுக்கக் கத்தரி தேடுகிறவனை அவர் தொழிலாளி என்றே மதிப்பதில்லை. பல்லில் வைத்து ஒரு கடி, முடிந்தது வேலை.

பஸ் சீட், சலூன் நாற்காலி, கல்யாணமாகி வந்த சோபா, விவாகரத்தாகிப் பிரிந்த சோபா எல்லாம் அந்தச் சின்னக் கடைக்குத்தான் வரும். உள்ளே கால் வைத்தால் ஃபோம் தூள் மூக்கில் ஏறும். வேலை சுத்தம், அதில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அவருக்குப் பெருமை வேலையில் இல்லை. முன்பணம் வாங்க மாட்டார், அதில்தான் பெருமை. "முதல்ல வேலையைப் பாருங்க. பிடிச்சா காசு குடுங்க. அட்வான்ஸ் வாங்குற பழக்கம் நம்ம கடையில கிடையாது" என்று சொல்லும்போது அவர் ஓர் அங்குலம் உயர்ந்துவிடுவார். இந்தப் பெருமையைக் கேட்டுக்கொண்டே சோபாவை வண்டியில் ஏற்றி, அப்படியே காணாமல் போனவர்களும் உண்டு. அதையும் பெருமையாகவே சொல்லுவார். சில பேருக்குப் பைத்தியம் இப்படித்தான் பிடிக்கும்.

அவர் மனைவி மருந்துக்கடை கவுன்டரில் நிற்பவர். அவருக்குக் கீழ்வரிசையில் இடது பக்கம் ஒரு கடவாய்ப்பல் நெடுநாளாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. "இதை வெறும் வயித்துல போடக்கூடாது, புரியுதா?" என்று வாடிக்கையாளரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அதே மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். சாப்பாடு எல்லாம் வலது பக்கம்தான். இடது கன்னம் பேருக்கு இருந்தது.

ஒரு தடவை தனியார் பல் மருத்துவரிடம் போனார்கள். வேருக்குள் சுத்தம் செய்து அடைத்து மேலே தொப்பி மாதிரி ஒரு கேப் போட வேண்டும் என்று சொல்லி, அவர் ஒரு தொகையும் சொன்னார். குஷன்காரர் வெளியே வந்து, சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அந்த நாற்காலிக்குப் போட்டிருக்கறது மட்டமான ரெக்சின்" என்றார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று முடிவானது. அடுத்த மாதத்தை மகளின் ஹாஸ்டல் கட்டணம் தின்றது. அதற்கடுத்த மாதத்தைத் தையல் மெஷினின் மோட்டார் தின்றது. பல் மட்டும் எதையும் தின்ன முடியாமல் கிடந்தது. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. மனைவி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவரே எழுந்து உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பார். கொடுத்து என்ன பயன், உப்புத்தண்ணீர் கேப் போடுமா?

அந்தச் சமயத்தில்தான் பல் மருத்துவக் கல்லூரியில் கிழிந்த நாற்காலிகளுக்கெல்லாம் புது உறை தைக்கும் வேலை வந்தது. வரிசையாகச் சாய்ந்து கிடந்த நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து தைத்தவர், பொழுது சாயும் நேரத்தில் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார்.

"அங்கிள், அப்படியே இருங்க! வாயை மூடாதீங்க!"

கடைசி வருஷம் படிக்கிற பெண் ஒருத்தி, கையில் சின்ன டார்ச்சோடு ஓடி வந்தாள். கொட்டாவி பாதியில் நின்றது. நுனியில் வட்டக் கண்ணாடி வைத்த குச்சியை உள்ளே விட்டு இப்படியும் அப்படியும் பார்த்தாள். கையோடு இழுத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"என்ன அழகான சொத்தை அங்கிள் உங்களுக்கு!"

குஷன்காரருக்கு ஒன்றும் ஓடவில்லை. அவரிடம் இருக்கிற எதையும் யாரும் அழகு என்று சொன்னதில்லை. கல்யாணத்தின்போது மனைவிகூட "பரவாயில்லை" என்றுதான் சொன்னாராம்.

விஷயம் இதுதான். கடைசிப் பரீட்சையில் ஒவ்வொரு மாணவரும் பரீட்சை நடத்துபவரின் கண்முன்னால் ஒரு நோயாளிக்குப் பல் அடைத்துக் காட்ட வேண்டும். நோயாளியைத் தாங்களே தேடிக் கொண்டுவர வேண்டும். ஏதோ ஒரு சொத்தை போதாது. இரண்டு கடவாய்ப்பற்கள் ஒட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், நரம்பைத் தொட்டிருக்கக் கூடாது, சின்னதாகவும் இருக்கக் கூடாது. ஊரில் சொத்தைப் பல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இலக்கணம் தப்பாத சொத்தை கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

சேதி பரவியது. மறுநாளிலிருந்து மற்ற மாணவர்களும் வந்தார்கள். ஒருவன் டீ வாங்கிக் கொடுத்தான். ஒருவன் வீடு வரை பைக்கில் விடுகிறேன் என்றான். ஒருத்தி ஃபோனுக்கு ரீசார்ஜ் செய்து தருவதாகக் காதில் சொன்னாள். குஷன்காரருக்கு மாப்பிள்ளை முறுக்கு வந்துவிட்டது. யார் கேட்டாலும் வாயைத் திறந்து காட்டாமல், "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

யோசித்து, முதலில் கண்டுபிடித்த பெண்ணிடமே வந்தார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் டாக்டரம்மா. வீட்டுல ஒரு பல்லு இருக்கு. அதைச் சரிபண்ணிக் குடுத்தீங்கன்னா, இந்தப் பல்லு உங்களுக்குத்தான்" என்றார்.

அவள் குஷன்காரரின் மனைவியையும் வரச் சொன்னாள். இடது பக்கத்தை மட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். "இது பரீட்சைக்கு ஆகாது ஆன்ட்டி, ரொம்பத் தூரம் போயிடுச்சு. ஆனா காப்பாத்திடலாம்" என்றாள். அதே கல்லூரியில் மேற்படிப்புப் படிக்கிற சீனியர் அக்கா ஒருத்தி இருக்கிறாள், அவள் நாளைக்கே வேர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவாள், கேப் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னாள்.

மனைவியின் முகம் அப்படியே மலர்ந்தது. நாளைக்கே! பையைத் திறந்து, மருந்துக்கடைக்கு லீவு சொல்ல ஃபோனை எடுத்துவிட்டார். அப்போது பார்த்து குஷன்காரர் ஓர் அங்குலம் உயர்ந்தார்.

"அதெப்படி? முதல்ல உங்க பரீட்சை முடியட்டும். வேலை முடியாம கூலி வாங்குற பழக்கம் நமக்கு இல்லம்மா."

"அங்கிள், இது கூலி இல்ல. நாளைக்கே பண்ணிடலாம். தள்ளிப்போடறது நல்லதில்ல."

"அதெல்லாம் வேண்டாம். என்னை நம்புங்க, நான் ஓடிப்போயிட மாட்டேன்."

ஓடிப்போவாரா என்று யார் கேட்டது? திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும் நேரத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க கடையில அட்வான்ஸ் கிடையாது, சரி. என் பல்லு எப்போ உங்க கடையாச்சு?"

அவர் சிரித்து மழுப்பினார். கொஞ்ச நாள்தானே என்றார்.

அந்தக் கொஞ்ச நாளில் வீடே மாறியது. சொத்தை ஆழமாகி நரம்பைத் தொட்டுவிட்டால் பரீட்சைக்கு ஆகாது, அப்படியே காப்பாற்றி வையுங்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். சொன்ன சொல்லுக்காகத் தலையைக் கொடுக்கிற மனிதர், பல்லைக் கொடுக்க மாட்டாரா? வாயில் ஆணி வைப்பதை நிறுத்தி, ஒரு டப்பாவைச் சட்டையில் தொங்கவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தரிக்கோல் வாங்கினார். டீயில் சர்க்கரை போடுவதை விட்டார். மென்மையான பிரஷ், அந்தப் பெண் சொன்ன பேஸ்ட், காலையும் இரவும் தவறாத தேய்ப்பு. பல் இடுக்கில் விட்டு இழுக்க அவள் கொடுத்த மெழுகு நூலை உருட்டிப் பார்த்து, "நல்ல சரக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார். தைக்கிறவர் கையல்லவா, இரண்டே நாளில் அந்தக் கல்லூரிக்காரர்களைவிட லாகவமாக இழுத்தார்.

பரீட்சை தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. அவர் அசரவில்லை. கண்ணாடி முன் நின்று ஆவென்று பார்த்துக்கொள்வார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பல் பராமரிப்பு பற்றி வகுப்பு எடுத்தார். ஸ்பிரிங் மாற்ற வந்தவர்கள் ஈறு பற்றித் தெரிந்துகொண்டு போனார்கள்.

"வலி எனக்கு, உபசாரம் உங்க பல்லுக்கு" என்பார் மனைவி. தேய்ந்து விரிந்து, துடைப்பம் மாதிரி நின்ற பழைய பிரஷ்ஷைத்தான் அவர் வைத்திருந்தார். வலி எடுக்கும்போது வாயை மரக்க வைக்க, மருந்துக்கடையில் விற்கிற இனிப்பு மாத்திரை ஒன்றை வலது பக்கம் அடக்கிக்கொண்டு தூங்கிவிடுவார். குஷன்காரர் தன் பல்லுக்கு நடுவே நூல் விட்டுக்கொண்டிருந்தபடியால் அது அவர் கண்ணில் படவில்லை.

பிறகு ஒரு நாள் மனைவி, "ஏங்க, வலி போயிடுச்சுங்க" என்றார். தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. இருவருக்கும் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா, அவசரப்பட்டிருந்தா வீணா குடைஞ்சிருப்பாங்க" என்றார் அவர். பல்லின் ஒரு துண்டு பிற்பாடு சாப்பாட்டில் உடைந்து வந்தபோதும், வலிக்கவில்லையே என்று இருந்துவிட்டார்கள். பல்லுக்குள் நரம்பு செத்தால் வலி நின்றுபோகும் என்று மருந்துக்கடையில் யாரும் சொல்லித்தரவில்லை.

ஒருவழியாகப் பரீட்சை வந்தது. கணவனும் மனைவியும் குளித்து, நல்ல உடை உடுத்திப் போனார்கள். பரீட்சை முடிந்த கையோடு அந்த அக்காவிடம் போவதாக ஏற்பாடு. குஷன்காரர் தான் தைத்த நாற்காலியிலேயே சாய்ந்தார். தையலைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார். பக்கத்தில் அந்தப் பெண் கஞ்சி போட்ட கோட்டில் விறைத்து நின்றாள்.

பரீட்சை நடத்த வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கண்ணாடிக்குச்சியை விட்டுப் பார்த்தார். புது எக்ஸ்ரேயையும் பழைய எக்ஸ்ரேயையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தச் சொத்தை மேல வளராம கெட்டிப்பட்டு நின்னுடுச்சு. பல்லோட மேல் ஓடும் உடையல. இதைத் துளைக்கவே வேண்டியதில்லை. வேற நோயாளியைக் கொண்டு வாங்க."

அந்தப் பெண் இரண்டு படங்களையும் வாங்கித் தானும் பார்த்தாள். குஷன்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"சார், அப்படிச் சொல்லாதீங்க சார். உங்க கையாலயே ஒரு ஓட்டை போடுங்க சார், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்!"

"நல்ல பல்லை யாராவது துளைப்பாங்களாங்க? எவ்வளவு அருமையா வெச்சிருக்கீங்க! எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது" என்று தோளில் தட்டிவிட்டு அவர் அடுத்த நாற்காலிக்குப் போனார்.

பல்லைக் கெடுத்துக்கொண்டு திட்டு வாங்கியவர்கள் உண்டு. காப்பாற்றிக் குடி கெடுத்தவர் இவராகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பெண் வராந்தாவுக்கு ஓடி, கண்ணில் பட்டவர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொன்னாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியிடமும் வந்தாள். "ஆன்ட்டி, வலது பக்கம் கொஞ்சம் காட்டுங்க."

அவர் வலது பக்கத்தைக் காட்டினார். இத்தனை காலத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. டார்ச் வெளிச்சம் உள்ளே போனது. படமும் எடுத்தாயிற்று. இனிப்பு மாத்திரை அடங்கிக் கிடந்த பக்கம், இரண்டு கடவாய்ப்பற்கள் ஒட்டுகிற இடத்தில், நரம்பைத் தொடாமல், சின்னதாகவும் இல்லாமல் ஒரு சொத்தை இருந்தது.

பேராசிரியர் பார்த்து, "இதுதான் கேஸ்!" என்றார். அந்தப் பெண் சுத்தமாக அடைத்து முடித்தாள். குஷன்காரர் கதவோரம் நின்று, எல்லாரும் மெச்சுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தலையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் வாய்க்குள் காவல் இருந்த அத்தனை நாளும் மனைவியின் வாய்க்குள் என்ன நடந்தது என்று அவர் ஒரு தடவை எட்டிப் பார்த்ததில்லை.

பெண் சொன்ன சொல் தவறவில்லை. பிற்பகலிலேயே அந்த அக்காவிடம் கூட்டிப் போனாள். அக்கா இடது பக்கத்தைப் பார்த்தாள், படம் எடுத்தாள், உதட்டைப் பிதுக்கினாள். வேர் ஈறுக்குக் கீழே பிளந்துவிட்டது, எடுத்துவிட வேண்டியதுதான் என்றாள்.

"கேப்பு?" என்றார் குஷன்காரர்.

"கேப் போட அங்க பல்லு வேணுமில்லையா அங்கிள்? அன்னைக்கே பண்ணியிருந்தா நின்னிருக்கும். எடுக்கறதுக்கு இங்க காசு கிடையாது. அப்புறம் அந்த இடத்துல புதுப்பல் கட்டணும்னா, அதுக்குக் கேப்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல ஆகும்."

காசு கிடையாது என்பது ஒன்றுதான் அன்று காதில் விழுந்த நல்ல சேதி. அரை மணிக்குள் பல் வெளியே வந்துவிட்டது.

வீடு திரும்பும் வழியில் கடை வாசலில் ஒருவர் நான்கு சாப்பாட்டு மேசை நாற்காலிகளை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். "உங்க வழக்கம்தான் தெரியுமே, வேலை முடிஞ்சு பிடிச்சாத்தானே காசு?" என்று சிரித்தார். குஷன்காரர் வாயைத் திறந்தார். கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு மனைவி பக்கத்திலேயே நின்றார். முன்னாடியே குடுங்க என்று சொல்ல ஒரு நொடி போதும். "அதனால என்ன, முடிச்சிட்டு வாங்கிக்கறேன்" என்றுதான் வந்தது. மனைவி நிமிர்ந்து பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

இரவு மனைவி இரண்டு தட்டுகளில் சாப்பாடு வைத்தார். இடது பக்கம் குழி. வலது பக்கம் புதிதாக அடைத்தது, நாளை வரை மெல்லக் கூடாது. அவர் தன் தட்டை மெதுவாகக் கணவர் பக்கம் நகர்த்தினார்.

"நல்ல பல்லு உங்ககிட்டதானே இருக்கு. எனக்கும் சேர்த்து நீங்களே மெல்லுங்க."

மரத்துப்போன வாயில் சொற்கள் குழறின. ஆனாலும் குஷன்காரருக்கு ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. ஒரு கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். பேராசிரியர் மெச்சிய அத்தனை பற்களும் சேர்ந்தும் அதை மென்று முடிக்க முடியவில்லை.