தோற்றவனிடம் படிக்க வந்த தலைவர்

செவ்வாப்பேட்டை நிலையத்தில் ரயிலுக்கு நின்றபோது கைப்பேசி அழைத்தது. "நைனா, தலைவரம்மா போய்ட்டாங்க" என்றார் கும்மிடிப்பூண்டித் தோழர் ஒருவர். தனகோட்டி அம்மாவை அறிந்த உங்களுக்கும் அன்று காலை அந்த ஒரு வரிதான் வந்திருக்கும்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவர். உருக்காலையில் இரும்புத் துண்டு பிரிக்கும் வேலை. ஆலை வாசலில் துணிக்கடை வைத்திருந்த பழவேற்காடு கமால் பாய் ஆங்கில நாளிதழ் வாங்குவார். மதிய இடைவேளையில் இவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார், பாய் திருத்துவார். பாய்க்கும் தெரியாததை இருவரும் அகராதியில் தேடுவார்கள்.

பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. ஒன்பதாம் நாள் நிர்வாகம் ஆங்கிலத்தில் ஓர் உடன்படிக்கையை நீட்டியது. அதைத் தட்டச்சு செய்தவன், ஆலை எழுத்தராக இருந்த நான். மற்றவர்கள் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார்கள். தனகோட்டி அம்மா விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். மேலாளர் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், 'மே'ன்னு போட்டுக்கீது? கட்னாலும் கட்டுவீங்க, கட்டாமயும் இருப்பீங்களா? 'ஷல்'னு போடுங்க. கட்டியே ஆவணும்."

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் புதுத் தாளைச் செருகினேன். இரண்டே மாதத்தில் கழிப்பறை வந்தது. "பாய், 'மே'ன்னா மாசம் மட்டும் இல்லன்னு சொன்னீங்களே, வேலைக்காச்சு!" என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

பிற்பாடு ஊராட்சித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றேன். படிக்காதவருக்கா ஓட்டு என்று ஒலிபெருக்கியில் கேட்டேன்; இன்றும் கூசுகிறது. படுதோல்வி. மறுநாள் காலை என் வீட்டு வாசலில் அவர். என் மனைவி பயந்து கதவைப் பாதிதான் திறந்தாள்.

"சண்டைக்கு வரல நைனா. ஊராட்சி சட்டப் புஸ்தகம் வாங்கியாந்துட்டேன், பாதி புரியல. நீ படிச்சவன்னு மைக்குல சொன்னியே, சொல்லிக் குடேன்."

வாரம் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தேன். உண்மையில் நானும் அப்போதுதான் அதை முதல்முறை படித்தேன். மூன்றாம் மாதமே என் விளக்கத்தில் தப்புக் கண்டுபிடித்தார். கிராம சபையில் யாராவது மடக்கினால், "தெரியாது, தெரிஞ்சிக்கினு வரேன்" என்பார். அடுத்த கூட்டத்துக்குப் பதிலோடு வருவார். சட்டமன்றம் போன பிறகும் அப்படித்தான். "தெரியாதுன்னா ஒரு நாள் சிரிப்பாங்க. தெரிஞ்ச மாதிரி நடிச்சா அஞ்சு வருசம் பேஜாரு" என்பார்.

அவருடைய மேடைப் பேச்சை ஊர் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தத் 'தெரியாது' போதும். இரங்கல் கூட்டம் கலையும்போது, ஒப்பந்தத் தொழிலாளியான ஒரு பெண் ஏதோ சட்டப் பிரிவைப் பற்றி என்னிடம் கேட்டார். அறுபத்தெட்டு வயதில், அத்தனை பேர் முன்னால், முதல்முறையாகச் சொன்னேன்: "தெரியாதும்மா. படிச்சிட்டு வரேன்."

சிலர் சிரித்தார்கள். நானும்தான்.