பூச்சைக்கு ரத்தம்

எங்கள் பூனை செங்கல்லை நக்க ஆரம்பித்தபோது நான் சிரித்தேன். நான் சூளையில் கல் அடுக்குகிறவன். என் சட்டையில் எப்போதும் அந்த மண்வாசம் இருக்கும். அதனால் கல்லும் அதற்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். குளியலறைச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தை நின்று நின்று நக்கும். ஒரு மாதம் அப்படியே விட்டேன். அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு வெறுப்பு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கேரள எல்லையோரம், உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. நானும், கணவனை இழந்த என் அக்காவும் மட்டும். நான் கல்யாணம் செய்யவில்லை. அக்காவோடும் பூனையோடும் பேசுவேன். வெளியே யாரிடமாவது ஒன்று கேட்கவேண்டும் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடையில் கூட்டம் இருந்தால் வாங்காமலே திரும்பிவிடுவேன்.

பூனை தீனியைக் குறைத்தது. தண்ணீர் மட்டும் ஓயாமல் குடித்தது. நாலு எட்டு நடந்தால் படுத்து மூச்சு வாங்கியது. அக்கா தன்னுடைய இரும்பு டானிக்கில் இரண்டு சொட்டு கொடுத்தாள். நான் கோழி ஈரல் வேகவைத்துக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே எல்லோரும் பசுவும் ஆடுமாக நின்றார்கள். ஒருவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எலே, இஞ்ச பாருங்கலே, பூச்சைக்கு வைத்தியமாம்! நாளைக்கு எலியும் சீட்டு எடுத்துட்டு வரும்."

நான் கூடையின் மூடியைச் சாத்திக்கொண்டேன்.

டாக்டர் இளம்வயதுக்காரர், சிரிக்கவில்லை. பூனையின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு தேங்காய்ப் பருப்பு மாதிரி வெளுத்திருந்தது. ரத்தம் குறைந்தால் பூனை கல்லையும் மண்ணையும் நக்குமாம். வயிற்றை அமுக்கிப் பார்த்து, சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கிவிட்டன என்றார். ரத்தம் ஊறச் சொல்லி எலும்புக்குச் சேதி அனுப்புவது சிறுநீரகம்தானாம். அது கெட்டால் சேதி போகாது, டானிக் மட்டும் கொடுத்துப் பயனில்லை. மனிதருக்குப் போடுகிற ஊசி ஒன்று திருவனந்தபுரத்தில் கிடைக்கும், அதைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அது பிடிக்கச் சில வாரம் ஆகும் என்றார். அதுவரை இது தாங்காது. நல்ல உடம்புள்ள வேறொரு பூனை கொண்டுவந்தால், இரண்டின் ரத்தத்தையும் கண்ணாடித் துண்டில் கலந்து பார்த்து, சேர்ந்தால் கொஞ்சம் ஏற்றலாம்.

"குணமாகும்னு சொல்லல. நாள் கிடைக்கும். திங்கட்கிழமைக்குள்ள கொண்டு வரணும்" என்றார்.

அப்படி ஒரு பூனை எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. அரிசிக் கடைக்காரர் வீட்டுக் கடுவன். நாலு வீட்டுச் சோறு தின்று கொழுத்தது. அவர் எங்கள் சபைக் கமிட்டியில் இருப்பவர். சனிக்கிழமை மூன்று முறை அவர் வீட்டு கேட் வரை போனேன். அவர் மனைவி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று முறையும் கேட்டைத் தாண்டி நடந்து, பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தேன்.

எங்கள் சபையில் ஜெபக்குறிப்புப் பெட்டி உண்டு. சீட்டில் எழுதிப் போட்டால் போதகர் ஆராதனையில் வாசிப்பார். உதவக்கூடியவர்கள் அதைக் கேட்டு, பிறகு வந்து விசாரிப்பார்கள். கேட்பதைவிட, கேட்கிறவருக்குப் பதில் சொல்வது எனக்கு எளிது. அரிசிக் கடைக்காரர் விசாரித்தால் கடுவனைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "எங்கள் வீட்டில் ஓர் உயிருக்கு ரத்தக் குறைவு. ரத்தம் கிடைத்தால் பிழைக்கும்" என்று எழுதி, வீட்டுப் பெயரையும் போட்டேன். பூனை என்று எழுதக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசித்ததும் எல்லோரும் முழங்காலிட்டார்கள். ஆராதனை முடியுமுன்னே நழுவி வந்துவிட்டேன்.

மத்தியானம் ஒரு ஜீப் வந்து நின்றது. சபை வாலிபர்கள் ஐந்து பேர், பீட்ரூட்டும் பேரீச்சம்பழமுமாக மூன்று பெண்கள், முன் சீட்டில் அரிசிக் கடைக்காரர். அக்கா வெளியே விறகு கீறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எதுக்கு எந்திரிச்சு நிக்கிய? போய்ப் படுங்க" என்றான் ஒரு வாலிபன்.

"நான் எதுக்குலே படுக்கணும்? நீ வந்து வெறகு கீறுவியா?"

அரிசிக் கடைக்காரர் என்னைப் பார்த்தார். "எலே, அப்ப ஆருக்குலே ரெத்தம்?"

நான் மூலையில் இருந்த கூடையைக் காட்டினேன். "பூச்சைக்காக்கும்."

முதலில் அந்த வாலிபன்தான் ஆரம்பித்தான். "எனக்கு ஓ பாசிட்டிவ், அண்ணா. பூச்சைக்குச் சேருமா? குடுத்தா நானும் எலி பிடிப்பனோ?"

எல்லோரும் சிரித்தார்கள், அரிசிக் கடைக்காரரைத் தவிர.

"கர்த்தருக்க சந்நிதியில சபை முழுக்க முட்டுகுத்தி நின்னுதுலே. ஒரு பூச்சைக்கா? ஆஸ்பத்திரியில பெட்டு பாக்கணும்னு நான் எத்தன பேருக்குப் போன் பண்ணினேன்!"

இனி விட்டால் முடியாது என்று தெரிந்து, வாயைத் திறந்தேன். "உங்க கடுவனத் தந்தா போதும். கொஞ்சம் ரெத்தம்தான். அதுக்கு ஒண்ணும் ஆவாதாம்."

"இனி எனக்க பூச்சைக்க ரெத்தமும் வேணுமோ? நாணம் உண்டாலே ஒனக்கு?"

ஜீப்பில் ஏறிவிட்டார். பெண்கள் பீட்ரூட்டை வைப்பதா எடுப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் எடுத்துக்கொண்டே போனார்கள்.

"பூச்சைன்னு ஒரு வார்த்த எழுதினா ஒனக்க கை ஒடிஞ்சா போவும்?" என்றாள் அக்கா.

மறுநாள் விடிந்ததும் மீன்சந்தைக்குப் போய் ஒரு பூனையைச் சாக்கில் பிடிக்கப் பார்த்தேன். கையைக் கடித்துவிட்டு ஓடியது. வேறு பூனை இல்லாமல், எங்கள் பூனையை மட்டும் கூடையில் வைத்து டாக்டரிடம் போனேன். அவர் எங்கள் பூனைக்குத் தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றினார். என் கைக்காயத்துக்கு ஊசி போடச் சொல்லி வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பூனை வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் செத்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து பஸ் நிறுத்தத்தில் அரிசிக் கடைக்காரரின் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னைக்கு கேட்டுல நீங்க போறதும் வாறதும் நான் கண்டேன். நேரே வந்து கேட்டிருந்தா தந்திருப்போம். நாங்க என்ன மனுசரில்லியா?"

பூனை செத்தபிறகு அப்படிச் சொல்வது எளிது என்று பலநாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் சனிக்கிழமை அவள் கணவர் எங்களுக்கு எதிர்வீட்டுக்காரர் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அவரைச் சபைக்கு முன்னால் தலைகுனிய வைத்தது என் சீட்டு. சனிக்கிழமை கேட்டிருந்தால் அவள் தந்திருப்பாள். அவளும் நான் போவதையும் வருவதையும் மூன்று முறை பார்த்துக்கொண்டே மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தாள். என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த இரண்டும் உண்மை.