ஒரு கணினி மொழிக்கு நான்கு அலங்காரச் சொற்கள்

2024 ஜூலை 9, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். இரண்டு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். சேலையூரில் பஸ் ஏறி, மேடவாக்கம் நெரிசலில் வழக்கம்போல நின்று, நாவலூர் அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்.

அன்று எங்கள் குழுவுக்கு ஒரே வேலை. ஒரு பார்சல் கம்பெனிக்கு நாங்கள் எழுதித் தந்த மென்பொருளைப் புதிய கணினி மொழியில் மாற்றி எழுத அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் பழைய மொழியும், மென்பொருள் படுத்துக்கொள்ளும்போதெல்லாம் நடுராத்திரியில் வரும் போனும் தொடரும்.

குழுத் தலைவர் என்னைவிட இளையவர். அனுமதி விண்ணப்பத்துக்குத் தாம் எழுதியதை நீட்டினார். 'நேர்த்தியானது, வேகமானது, எளிமையானது, நவீனமானது.' மிக்ஸிக்கும் பொருந்தும், கல்யாண மண்டபத்துக்கும் பொருந்தும்.

"இதுல எந்த வார்த்தைக்காக உங்களுக்கு இந்த லாங்குவேஜ் பிடிச்சுது?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும்தான் சார். படிச்சா கெத்தா இருக்கணும், அவ்ளோதான்."

பக்கத்து மேசைப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "எனக்குப் பிடிச்சதே அது திட்டுறதுதான் சார். அட்ரஸ் காலியா வந்தா என்ன பண்ணப் போறேன்னு முன்னாடியே கேக்கும். பதில் எழுதாம ஓடவே ஓடாது. பழசு எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு ராத்திரி காலை வாரும்."

அதையே இரண்டு வாக்கியமாக எழுதிக் கொடுத்தேன். தலைவர் முகம் சுளித்தார்.

"ஓடாதுன்னு எழுதினா எவன் சார் ஒத்துப்பான்?"

என் வாக்கியங்களை நீக்கிவிட்டுத் தமது அலங்காரத்தை அனுப்பினார்.

மாலைக்குள் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. பழைய மொழியைச் சிபாரிசு செய்தபோதும் இதே நான்கு சொற்களைத்தான் எழுதியிருந்தீர்கள், அப்படியானால் வித்தியாசம் என்ன, நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழையதே போதும் என்றிருந்தது. தலைவர் பழைய விண்ணப்பத்தை எடுத்து மொழியின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். எங்கள் தொழிலில் பலருக்கு எழுதுவது என்றால் இதுதான்.

"பேரையாவது மாத்துனீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம் சார்," என்றாள் அந்தப் பெண். தலைவர் காபி குடிக்க எழுந்து போனார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, முகவரி இல்லாத ஒரு பார்சலைப் பதியும் சிறு நிரலை இரண்டு மொழிகளிலும் எழுதிப் பார்த்தேன். பழையது மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. புதியது எந்த வரியில் என்ன குறை என்று சொல்லி, ஓட மறுத்தது. இரண்டு திரைகளையும் படமெடுத்து, தலைவரைக் கேட்காமலே கம்பெனிக்கு அனுப்பினேன்.