உரிக்காமல் விட்ட ஸ்டிக்கர்

“இந்த வூட்டுக்கு நீ யாரு?” என்று அந்த இரண்டு வருடத்தில் என்னைக் கேட்காதவர்கள் இரண்டே பேர். ஒன்று நாய். இன்னொன்று, கூடையில் மீன் கொண்டுவரும் அம்மா. மற்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் மண் சந்தின் கடைசியில் அந்த வீடு. முன்னால் இரும்பு கேட், பின்னால் சவுக்குத் தோப்பு. அதில் வாடகைக்கு இருந்தவர் எழுபதைத் தொட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. ஊரில் ஒரு லாட்ஜில் நான் ரிசப்ஷன் வேலை பார்த்தபோது பழக்கம். மகளுக்குப் பிரசவம், மூன்று வாரம் போய் வருகிறேன், அதுவரை வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள் என்றார். மார்ச் பிறந்ததும் விமானம் ஏறினார்.

இது எனக்குப் புதிதில்லை. ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் போய்த் தங்கி, அவர்கள் வளர்க்கும் நாய் பூனையைக் கவனித்துக்கொள்வது. சம்பளம் கிடையாது, வாடகையும் கிடையாது. அவர்களுக்கு நிம்மதி, நமக்கு ஒரு கூரை. வெளிநாட்டில் இதற்கென்றே இணையதளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நானும் பதிவு செய்து, இங்கே இரண்டு வீடுகளைப் பார்த்து நல்ல பெயர் வாங்கியிருந்தேன். அந்த மே மாதம் கடல் தாண்டி ஒரு வீட்டுக்கு, இரண்டு பூனைகளைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார்கள். பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்திருந்தேன். நாற்பது வயதைக் கடந்த, புருஷனை விட்டு வந்த, அண்ணன் வீட்டில் ஒரு அலமாரித் தட்டு மட்டும் சொந்தமாக உள்ள ஒருத்தியான நான், அடுத்தவர் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். அண்ணனுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை.

“சம்பளமும் இல்ல, வாடகையும் இல்லன்னா இது இன்னா பொயப்பு?” என்பான்.

நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண ஊர் நாய், செம்மண் நிறம், வயதானது. இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் அது நடப்பதைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். இடது தோள் சுவரில் உரசியபடி சமையலறையிலிருந்து கிளம்பும். மூங்கில் நாற்காலியைச் சுற்றும். கூடத்து மேஜைக் காலை மூக்கால் தொடும். அங்கிருந்து நேராக வராந்தா. போகும்போது அந்த அம்மா எனக்கு வைத்த ஒரே சட்டம், வீட்டில் எதையும் இடம் மாற்றக்கூடாது என்பதுதான். பெருக்குவதற்கு நாற்காலியைத் தூக்கினால் அதே தரை ஓட்டின் அதே மூலையில் திரும்ப வைக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். என் செருப்பைக்கூட ஒரே இடத்தில்தான் விட்டேன்.

மூன்று வாரம் முடிவதற்குள் கொரோனா வந்து உலகம் சாத்திக்கொண்டது. விமானம் நின்றது, லாட்ஜ் மூடியது, என் பூனைகளின் வீட்டிலிருந்து வரவேண்டாம் என்று தகவல் வந்தது. அந்த அம்மா போனில் அழுதார். நீங்கள் வரும்வரை இருக்கிறேன் என்று சொன்னேன். எவ்வளவு நாள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் வாக்கு கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்தார். முகக்கவசம், கையில் தாள்கட்டு, தோளில் பசை டப்பா தொங்கும் பை.

“வெளிநாட்லருந்து வந்தவங்க வூடு இதானே?”

“வரலை சார். இங்கேருந்து போயிருக்காங்க.”

“லிஸ்ட்ல இந்த அட்ரஸ் கீதும்மா. சரி, நீங்க யாரு இந்த வூட்டுக்கு?”

விளக்கினேன். இணையதளம், நாய், கூரை எல்லாம் சொன்னேன். பாதியிலேயே அவர் காது மூடிக்கொண்டது. வேலைக்காரியா என்றார், இல்லை. சொந்தமா, இல்லை. வாடகையா, இல்லை.

“பாஸ்போர்ட் கீதா உங்களாண்ட?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. எடுத்து வந்து காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாம் வெள்ளை.

“பாருங்க சார், ஒரு சீல்கூட இல்ல. நான் திருப்போரூரைத் தாண்டி மெட்ராஸ் போனதே எண்ணிச் சொல்லிடலாம்.”

“சீல் இல்லன்னா இன்னாம்மா, பாஸ்போர்ட் கீது இல்ல? நாளைக்கு மேல கேட்டா நான்தான் பதில் சொல்லணும்.”

கேட்டில் பசை தடவி, ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே வராதீர்கள்’ என்று ஸ்டிக்கரை ஒட்டினார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் என்று பேனாவால் எழுதி, கெடு தேதியும் போட்டார். இப்படியாக நான் விமானத்தைத் தொடாமலே வெளிநாடு போய்த் திரும்பிவிட்டேன்.

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பால்காரர் சந்து முனையோடு திரும்பினார். எதிர் வீட்டு ஜன்னல் மூடியது. மீன்கார அம்மா மட்டும் வாசலில் நின்று, “சங்கரா கீது, செவுத்து மேல வெக்கட்டா?” என்று கேட்டு, வைத்துவிட்டுப் போனார். அந்த மீனில் தலையெல்லாம் நாய்க்கு, மீதி எனக்கு.

கெடு முடிந்தது. ஸ்டிக்கரை எடுக்க ஒருவரும் வரவில்லை. ஒட்டினவர்களே வந்து உரிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். கடல் காற்றிலும் வெயிலிலும் பேனா மை முதலில் போனது. தேதி மறைந்தது, எண்ணிக்கை மறைந்தது. அச்சடித்த எழுத்து மட்டும் அப்படியே நின்றது.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் அண்ணன் திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து பைக்கில் வந்தான். கேட்டுக்கு வெளியே பத்தடி தள்ளி நின்றுகொண்டு கத்தினான்.

“வூட்ல பேஜாரா கீது. ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? வெள்ளக்காரி வூட்டு நாய்க்குக் காவலு குந்திகினு கீறாளாம். கெளம்பு.”

“நாயி?”

“அவுத்து வுடு. இல்லன்னா இட்டுகினு வா, மாட்டுக் கொட்டாயில கட்டிக்கலாம்.”

அதை நான் முன்பே யோசித்துப் பார்த்திருந்தேன். ஒருமுறை நாய்க்குக் காதில் புண் வந்து, ஷேர் ஆட்டோக்காரரைக் கெஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இறக்கி விட்ட இடத்திலேயே கால்கள் நடுங்க நின்றது. தடவ ஒரு சுவர் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அப்படியே நின்று மூத்திரம் போனது. வீட்டுக்கு வந்து, வராந்தா சுவரில் தோள் பட்ட பிறகுதான் அதன் நடுக்கம் நின்றது. வேறு இடத்துக்குக் கொண்டு போனால் அது பிழைக்காது என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனிடம் வரமாட்டேன் என்றேன். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பினான். பதிலுக்கு நானும் ஒன்று சொன்னேன்.

அதன் பிறகுதான் ஹவுஸ் ஓனர் தலை காட்டினார். டிராவல்ஸ் வண்டிகள் ஓட்டுகிறவர். ஊரடங்கில் வண்டியெல்லாம் ஓடாமல் நின்றதால் அவருக்கும் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மா மாதம் தவறாமல் வாடகை அனுப்பிக்கொண்டிருந்தார். ஓனருக்கு அது போதவில்லை. கேளம்பாக்கத்து ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை என்றதும், கடற்காற்றில் உட்கார்ந்து வேலை செய்ய வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு ஜோடியை அவர் பிடித்துவிட்டார்.

நாய்க்கு மருந்து வாங்க நான் மாமல்லபுரம் போயிருந்த நேரம். சவுக்குத் தோப்பு வழியாக, பின்வாசல் கதவை மாற்றுச் சாவியால் திறந்து அவர்களை உள்ளே கூட்டி வந்திருக்கிறார். திரும்பி வந்தபோது கூடத்தில் மூங்கில் நாற்காலி சுவரோரம் தள்ளிக் கிடந்தது. மேஜை குறுக்கே திரும்பியிருந்தது. நாய் மேஜை அடியில் படுத்துக் கிடந்தது. புருவத்தில் மேஜை மூலை கிழித்து, தரையில் ரத்தம். நான் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. தன் வீட்டிலேயே வழி தெரியாமல் கிடந்தது.

மேஜையையும் நாற்காலியையும் இழுத்து அதனதன் ஓட்டு மூலையில் வைத்தேன். நாயை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு ஓனருக்குப் போன் செய்தேன்.

“ஆமா, வந்தேன். என் வூடு, நான் வருவேன். நாளைக்குச் சாமான் ஏத்த வண்டி வருது. நாயி புடிக்கிற ஆளும் வருவான். நீ யாரு இந்த வூட்டுக்கு, என்னைக் கேக்குறதுக்கு?”

போனை வைத்த பிறகு ஒரு விஷயம் உறைத்தது. முன்னால் அகலமான கேட் இருக்க, முள்ளும் சகதியுமான தோப்பு வழியாக எதற்கு ஒரு கம்பெனிக்கார ஜோடியை நடத்திக் கூட்டி வந்தார்? கேட்டில் ஸ்டிக்கர் இருக்கிறதே. அதை அவர்கள் கண்ணில் படாமல் மறைத்திருக்கிறார். சிரிப்பு வந்தது. அன்று சாயங்காலமே பின்வாசலுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டேன். ஸ்டிக்கரின் பிரிந்த ஓரத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ஈரத் துணியால் துடைத்துப் பளிச்சென்று ஆக்கினேன்.

காலையில் வண்டி வந்தது. பின்னாலேயே அந்த ஜோடியின் கார். பின்வாசல் திறக்காததால் ஓனருக்கு முன் கேட்டைத் தவிர வேறு வழியில்லை. நான் கேட்டுக்கு உள்ளே நடுவில் நின்றேன்.

காரிலிருந்து இறங்கிய பெண் ஸ்டிக்கரை வாய்விட்டுப் படித்தாள். “அங்கிள், என்ன இது?”

“அது பயசும்மா. எப்பவோ ஒட்டினது.”

“எப்போ?” என்றாள் அவள். அவர் குனிந்து தேதியைத் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை.

“நீயே சொல்லு, எப்போ ஒட்டினாங்க?” என்று என்னைப் பார்த்தார்.

நான் முகக்கவசத்தை இறக்கிவிட்டு இருமினேன். சும்மா இருமல் இல்லை, அடிவயிற்றிலிருந்து, மூச்சு வாங்க வாங்க. நடிப்புதான். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படவில்லை. வண்டி டிரைவர் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் எடுத்தார். நாய் பிடிக்க வந்தவர் அதில் தொற்றிக்கொண்டார். காரும் திரும்பியது.

ஓனர் விடவில்லை, போலீசுக்குச் சொன்னார். பைக்கில் வந்த போலீஸ்காரர் தூரத்திலேயே காலை ஊன்றி நின்று, ஸ்டிக்கரைப் பார்த்தார், நெற்றியில் கட்டோடு நிற்கும் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏம்பா, உனக்குப் படிக்கத் தெரியாது? கெளம்பு.”

ஓனர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். சும்மா போகவில்லை, அந்த வாரமே கிணற்று மோட்டார் ஒயரைப் பிடுங்கிவிட்டார். மழைக்காலம் வரை கிணற்றில் இறைத்தேன். தோள் வலித்தது, நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாவது அலையில் எனக்கு நிஜமாகவே வந்துவிட்டது. அப்போது பயந்தேன். செத்துப்போவதைவிட, கதவு பூட்டிய வீட்டுக்குள் நாய் தனியாக மாட்டிக்கொள்ளுமே என்பதுதான் பெரிய பயம். தவழ்ந்து போய் அதற்குச் சோறு வைத்தேன். எப்படிக் கேள்விப்பட்டானோ, ஒரு மதியம் அண்ணன் வந்து கேட்டுக் கம்பியில் ஒரு தூக்கை மாட்டினான். கோழி ரசமும் குழைந்த சாதமும். வீட்டுக்கு வா என்று இந்த முறை சொல்லவில்லை.

வண்டியில் ஏறிக்கொண்டு, “அந்தக் குருடு துன்னுச்சா?” என்று கேட்டான்.

துன்னுச்சு என்றேன். மறுநாளிலிருந்து இரண்டு தூக்கு வந்தது.

விமானம் மறுபடி பறந்து, விசா கிடைத்து, அந்த அம்மா திரும்பியபோது இரண்டு பொங்கல் போயிருந்தது. ரொம்ப இளைத்திருந்தார். கேட்டுக்குள் வந்து, சத்தம் போடாதே என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டு, வராந்தாப் படியில் நின்றார். நாய் சமையலறையில் படுத்திருந்தது. மூக்கு உயர்ந்தது. எழுந்தது. இடது தோளைச் சுவரில் வைத்தது. நாற்காலியைச் சுற்றி, மேஜைக் காலைத் தொட்டு, வர வர வேகம் கூடி, கடைசியில் ஓடியே வந்தது. ஒரு இடத்திலும் முட்டவில்லை. அவர் காலடியில் விழுந்து ஊளையிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிடப் பெருமையாகவும் இருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்தால் ஏழு நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற விதி அப்போதும் இருந்தது. அதே சுகாதாரத் துறைக்காரர் அதே பையோடு வந்தார். பழைய ஸ்டிக்கரை நானே தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு என்னை நினைவில்லை.

“வெளிநாட்லருந்து வந்தவங்க ஒருத்தர். நீங்க யாரு இந்த வூட்டுக்கு?”

“நாயைப் பாத்துக்கிறவ.”

“அப்போ உள்ள ரெண்டு பேர்” என்று எழுதினார்.

“மூணு” என்றேன்.

“இன்னொருத்தர் யாரு?”

வராந்தாவைக் காட்டினேன்.

“நாயெல்லாம் எய்த மாட்டோம்மா.”

“அதுக்காகத்தான் சார் ரெண்டு வருஷம் இங்க இருந்தேன். அதை வுட்டுட்டு என்னை மட்டும் எய்தினா அது பொய்க் கணக்கு. ஏற்கெனவே ஒருவாட்டி இந்தக் கேட்டுல பொய்க் கணக்கு எய்தியிருக்கீங்க.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கேட்டை விட்டு நகரவில்லை. இரண்டை அடித்துவிட்டு, மேலே மூன்று என்று எழுதி, பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார்.