செவலைக்கு வந்த வைத்தியர்

சிவசாமிக்குப் பெண்டாட்டி பெரிதா, செவலை பெரிதா என்று லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அந்த லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் செவலைதான் என்பார்கள். செவலை அவருடைய கறவைப் பசு. பூரணிக்கு அதில் கோபமில்லை. பிள்ளையில்லாத வீட்டில் மாடாவது கொஞ்சல் வாங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பொழுது சாய்ந்தால் தொழுவத்தில் உட்கார்ந்து செவலையின் காதுமடலில் உண்ணி பிடுங்குவார். மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டையில் போடுங்க என்று பூரணி சொன்னால் கேட்கமாட்டார், நகத்திலேயே நசுக்குவார். "அட்டை குடிக்காத ரத்தத்தையா உண்ணி குடிச்சிடப் போகுது?" என்று கேலி வேறு.

முன்பு கொழுந்து லொறி புரண்டதில் அடிபட்டு அவருக்கு மண்ணீரலை எடுத்திருந்தார்கள். இனிமேல் காய்ச்சல் வந்தால் உடனே வாங்க என்று அப்போது டொக்டர் சொல்லியனுப்பினார். வருடங்கள் போயின. தழும்பு இருந்தது, பேச்சு மறந்துபோனது.

ஐப்பசி மழையில் செவலைக்குக் காய்ச்சல் கண்டு மூத்திரம் சிவந்தது. அன்றைக்கே சிவசாமி நனைந்துகொண்டே ஓடி மிருக வைத்தியரை அழைத்து வந்தார். ஊசி போட்டதும் மாடு தேறிவிட்டது.

கார்த்திகையில் அவருக்கே காய்ச்சல். கண் மஞ்சளாகி, மூத்திரம் தேயிலைச் சாயம் போலப் போனது. காமாலை என்று லயமே சொன்னது. பூரணி கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள்; உப்பில்லாப் பத்தியம் வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோமாங்க?"

"காமாலைக்கு அங்க என்ன மருந்து இருக்கு? நீ அரைச்சுக் குடு."

ஒரு வாரம் அரைத்தாள். அவருக்கு நினைவு தப்பிய பிறகுதான் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

வார்டில் இருந்த டொக்டர் சிவகௌரி யாழ்ப்பாணத்துப் பெண். இரத்தத்தைச் சோதித்துவிட்டு, தழும்பைப் பார்த்துவிட்டு, பூரணியைத் தனியே கூப்பிட்டார்.

"வீட்டில மாட்டுக்கு மூத்திரம் சிவந்ததோ?"

பூரணி ஆமென்று தலையசைத்தாள்.

"இது காமாலை இல்லையம்மா. மாட்டு உண்ணி கடிச்சு ரத்தத்தில கிருமி ஏறியிருக்கு. மண்ணீரல் இல்லாத ஆளுக்கு இது பொல்லாதது. மருந்து குடுத்திருக்கிறம். ஆனா நல்லாப் பிந்திப் போச்சு."

மறுநாள் மத்தியானம் சிவசாமி போய்ச்சேர்ந்தார். பூரணிக்கு அழக்கூட வரவில்லை; கையில் பச்சிலை வாசனை மட்டும் போகாமல் இருந்தது.

காரியத்துக்கு வந்தவர்கள், அந்த மாடுதான் எமன், விற்றுத் தொலை என்றார்கள்.

"மாட்டு மேல என்னங்க குத்தம்?" என்றாள் பூரணி. "அதுக்குச் செவந்த அன்னிக்கே வைத்தியரைக் கூட்டியாந்தாரு அவரு. அவருக்குச் செவந்தப்ப நான் அம்மிகிட்ட உக்காந்திருந்தேன்."