ஜன்னல் பக்கத்து டயாலிசிஸ் மெஷின்

வினிகர் வாடை அடித்தால் மைசூர்க்காரர்களுக்கு கோபி மஞ்சூரி வண்டி ஞாபகம் வரும். எனக்கு மண்டி மொஹல்லாவின் ஒரு சின்ன ஆஸ்பத்திரியும் அதன் டயாலிசிஸ் அறையும்தான் வரும்... அந்த வாடையடிக்கும் திரவத்தால்தான் மெஷின்களைக் கழுவுவார்கள்.

நான் அப்போது புது சர்வீஸ் இன்ஜினியர். அங்கே இரண்டு மெஷின்கள். ஜன்னல் பக்கம் ஒன்று, சுவர்ப்பக்கம் ஒன்று. இனிமேல் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும், எதைக் கழிப்பது என்று நிர்வாகம் என்னையும் அந்த அறையின் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டரையும் கேட்டது. மிஞ்சுகிற ஒன்றும் நின்றுவிட்டால் பேஷண்ட்டுகளுக்கு வேறு வழியில்லை.

"இதுல கேக்க என்ன இருக்கு தம்பி? ஜன்னல்காரிதான்! பேஷண்ட்ஸே 'அது பேடா, வேண்டாம் சிஸ்டர்'னு கையெடுத்துக் கும்பிடறாங்க" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர்.

கணக்கும் அவர் பக்கம்தான். ரிப்பேர் ரிப்போர்ட்டுகளை எண்ணினால் ஜன்னல்காரிக்குத்தான் கட்டு பெரிது.

எண்ணிக்கை மட்டும் போதுமா என்று எனக்கு ஒரு நமைச்சல். கிராஃப் பேப்பர் எடுத்தேன். கீழே மெஷின் ஓடிய மணி நேரம், மேல்நோக்கி அதுவரை எத்தனை தடவை நின்றது என்ற கணக்கு. ஒவ்வொரு ரிப்பேருக்கும் ஒரு புள்ளி...

புள்ளிகளைச் சேர்த்ததும் புல்லரித்துவிட்டது!

ஜன்னல்காரியின் கோடு ஆரம்பத்தில் செங்குத்தாக ஏறி, பம்ப்பும் வால்வும் மாற்றிய பிறகு சாய்ந்து சாய்ந்து கிட்டத்தட்ட மட்டமாகிவிட்டது. நல்ல பெயர் வாங்கிய சுவர்ப்பக்கத்தது? வெகுநாள் சமர்த்தாக இருந்துவிட்டு, இப்போது மேலே மேலே வளைந்துகொண்டிருந்தது. ஒரு ரிப்பேருக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. எல்லாரும் தினம் பார்த்த மெஷின்கள்தான்... யார் கண்ணிலும் படாதது ஒரு காகிதத்தில் தெரிந்தது.

"உடம்பு தேறினவள வெளிய அனுப்பிட்டு சீக்காளிய வெச்சுக்கப் பாக்கறோம் சிஸ்டர்!"

சுவர்ப்பக்கத்ததைக் கழிப்பதென்று முடிவானது. சிஸ்டர், குண்டலுபேட்டையிலிருந்து பஸ் பிடித்து வரும் பேஷண்ட் மல்லம்மாவை ஜன்னல் பக்கம் படுக்க வைத்தார்.

"நின்னுட்டா என் கதி ஏனு?" என்று மல்லம்மா கன்னடமும் தமிழுமாக என்னிடம் கேட்டார்.

கோடு எனக்கு ஒன்றும் சத்தியம் செய்து தரவில்லையே... "நிக்காதும்மா" என்றேன்.

நிற்கவில்லை. சுவர்ப்பக்கத்ததோ, கழற்றிக்கொண்டு போவதற்குள்ளேயே மறுபடி மறுபடி நின்றது.

இப்போது நூற்றுக்கணக்கான மெஷின்களின் கோடுகளை கம்ப்யூட்டரே ஒரு நொடியில் வரைந்து கொடுத்துவிடுகிறது. ஜூனியர்கள் காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வேகம் வரவில்லை. ஒவ்வொரு புள்ளியும், பஸ் ஏறி வந்த யாரோ ஒருவர் டயாலிசிஸ் இல்லாமல் திரும்பிப் போன நாள்.