அப்பாவின் நூற்றெட்டு

எங்கள் தெருவில் நூற்றுக்கு நூற்றுப் பதினான்கு வாங்கிய ஒரே ஆள் என் அப்பாதான். நான்காம் வகுப்பில் படித்தபோது இதை நான் போய்ச் சொல்லாத வீடு கிடையாது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருக்காரர்களில் பாதிப் பேர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். மீதிப் பேர் அவர்களுக்கு நாஷ்டா போட்டார்கள், பஞ்சர் ஒட்டினார்கள், வீடு வாடகைக்கு விட்டார்கள். கோல்ஃப் என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் என்னை மறுத்துப் பேசவும் ஆளில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஒரு நாள், "நூத்துக்கு மேல எப்பிடிடீ வாங்க முடியும்?" என்று கேட்டாள். "எங்கப்பா வாங்குவாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். செய்து வருகிற சாமானை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புவதும், இல்லாவிட்டால் சிவப்பு மை அடித்து ஓரங்கட்டுவதும் அவர் வேலை. அங்கே இருந்த வெளிநாட்டு மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய கோல்ஃப் கம்புகளைப் பையோடு அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. எங்கள் வீட்டுக்குள் கோல்ஃப் வந்தது இப்படித்தான்.

ஆடுவதற்கு இடமும் இருந்தது. தொழிற்பேட்டையின் கடைசியில், இன்னும் எந்தக் கம்பெனியும் வந்து வேலி போடாத காலி நிலத்தில் ஒன்பது குழி வெட்டி, ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு, அதன் நெற்றியில் 'கிளப்' என்று எழுதியிருந்தார்கள். பச்சைப் புல்வெளி என்று கற்பனை செய்துவிடாதீர்கள். பெரிய ஆபீசர்கள்தான் சென்னைக்குப் போய்ப் புல்லில் ஆடினார்கள். இங்கே குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணல் வட்டம். ஒருவர் ஆடி முடித்ததும் அடுத்தவருக்காகக் கோணிச் சாக்கை இழுத்து மணலைச் சமமாக்க வேண்டும். நடுவில் எருமை படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். பந்து சீமைக் கருவேலத்துக்குள் போனால் போனதுதான். சூப்பர்வைசர், ஸ்டோர்கீப்பர், ஒரு பல் டாக்டர், இப்படிப் பதினைந்து இருபது பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, அந்த ஒன்பது குழிகளையே இரண்டு தடவை சுற்றிப் பதினெட்டாகக் கணக்கு வைத்தார்கள்.

வார நாட்களில் அப்பா வீட்டிலேயே பழகினார். நடையில் பிளாஸ்டிக் மக்கைப் படுக்கவைத்து அதற்குள் பந்தைத் தள்ளுவார். அது போதாதென்று கம்பை ஓங்கியும் பார்ப்பார். "இன்னாங்க இது, ஊட்டுக்குள்ள கம்பு சுத்திக்கினு? போன மாசம்தான் டியூப்லைட்டு போச்சு" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள். "ஓங்கலம்மா, சும்மா பாக்கறேன்" என்பார் அப்பா, ஓங்கிய கம்போடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோல்ஃபில் குறைவாக அடிக்கிறவர்தான் கெட்டிக்காரர். பந்தைக் குழியில் போட எத்தனை அடி ஆயிற்று என்று எண்ணுகிறார்கள். எண்ணிக்கை ஏற ஏற மானம் இறங்குகிறது. இது எனக்கு ஒன்பதாம் வகுப்பு வரும்வரை தெரியாது. தப்பு முழுக்க என்னுடையது இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, அம்மா கேட்டதற்கு "நூத்திப் பதினாலு" என்று முனகினார். நான் துள்ளிக் குதித்தேன். "நூத்துக்கு மேலயாப்பா! எங்க மிஸ் யாருக்குமே போட்டதில்ல!" அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, என்னைத் தூக்கி, "ஆமாம்மா, நூத்துக்கு மேல" என்றார். அடுத்தடுத்த வாரங்களில் எண்ணைக் கேட்டு நான் கைதட்டத் தட்ட, அந்த மனிதருக்கு உண்மையைச் சொல்லவே மனம் வரவில்லை. என் அப்பாவுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் இதுதான்.

கொட்டகைச் சுவரில் ஒரு மரப்பலகை தொங்கியது. மாதாந்திரப் போட்டியில் நூறுக்குக் கீழே முடித்தவர்களின் பெயரை அதில் பெயிண்டால் எழுதுவார்கள். அதற்கு 'நூறை உடைப்பது' என்று பெயர். ஆறு வருஷமாக அப்பா அந்தப் பலகைக்காகத்தான் ஆடினார். "இந்த வாட்டியாவது நூறை ஒடைக்கணும்" என்று அவர் சொல்லும்போதெல்லாம், கிரிக்கெட்டில் ரெக்கார்டை உடைக்கிற மாதிரி எக்கச்சக்கமாக அடிக்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. அம்மா பெரியபாளையத்துக்குக் கூழ் ஊற்றப் போனாள். அந்தக் கூட்டத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு அலைய முடியாது என்று அப்பாவிடம் விட்டுவிட்டாள். அன்றைக்கென்று மாதாந்திரப் போட்டி. அப்பா என்னை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்து, பையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

அப்பாவோடு சேர்ந்து ஆடியவர் கவரைப்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். நான் அவரை லாரி மாமா என்பேன். போட்டியில் ஒருவர் கணக்கை மற்றவர்தான் அட்டையில் எழுத வேண்டும். லாரி மாமா கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். "நீ நாலாங்கிளாஸ்தான? நான் சொல்லச் சொல்ல எழுது, பாப்பா" என்று அப்பாவின் அட்டையையும் பென்சிலையும் என்னிடம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்கு மார்க் போடும் டீச்சராகிவிட்டேனே!

ஆனால் அன்று அப்பாவுக்கு மார்க்கே வரவில்லை. வழக்கமாகக் கருவேலத்துக்குள் போகும் பந்து அன்று பொட்டல் வழியாக நேராக ஓடியது. எருமைகூட எழுந்து வழிவிட்டது. "அஞ்சு" என்றார் லாரி மாமா, எழுதினேன். "ஆறு" என்றார், எழுதினேன். ஏழாவது குழிக்குத் தூரம் குறைவு, அதில் நட்ட கொடி கொட்டகையிலிருந்தே தெரியும். அங்கே அப்பா மூன்றே அடியில் முடித்துவிட்டார். "மூணு! மூணு போடு பாப்பா!" என்று லாரி மாமா கூவினார். வேறு வழியில்லாமல் எழுதினேன். ஒன்பதையும் சுற்றி மறுபடி அதே குழிக்கு வந்தோம், மறுபடி மூன்று. அப்பா தொப்பியைத் தூக்கி மேலே எறிந்து பிடித்தார். பாவம், நான் வருத்தப்படக்கூடாதென்று சிரித்துக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் குழிக்கு முன்னால் லாரி மாமா எண்ணிப் பார்த்து, "தொண்ணூத்தி நாலு. அஞ்சு அடிக்குள்ள போட்டியானா ஒடஞ்சிச்சு நூறு" என்றார். அப்பா பேன்ட்டில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது அடியில் பந்து மணல் வட்டத்துக்கு வந்துவிட்டது. ஆனால் குழிக்கு இன்னும் என் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரம். அப்பா குனிந்து, வெகுநேரம் நின்று, மெல்லத் தள்ளினார். நான் கண்ணை மூடிக்கொண்டு பெரியபாளையத்தம்மாவிடம் அது குழிக்குள் போகவே கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டேன். டப்பென்று சத்தம் கேட்டது. "ஒடஞ்சிடுச்சுடா! ஆறு வருஷம்டா!" என்று லாரி மாமா அப்பாவைக் கட்டிக்கொண்டு சுற்றினார்.

நான் கருவேல நிழலில் உட்கார்ந்து அட்டையைக் கூட்டினேன். தொண்ணூற்றெட்டு. மறுபடி கூட்டினேன். அதே தொண்ணூற்றெட்டு. நூறுகூட இல்லை! இதற்கா லாரி மாமா அந்தக் குதி குதித்தார்? சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்? அம்மா கேட்டால் அப்பா என்ன சொல்லுவார்? அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் அந்த இரண்டு மூன்றுகளும் கண்ணில் பட்டன. மூன்றின் இடது பக்கத்தை மூடிவிட்டால் எட்டு. எங்கள் வகுப்பில் புராக்ரஸ் கார்டில் இந்த வேலையைச் செய்து உதை வாங்கினவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் தங்களுக்காகச் செய்தார்கள். நான் என் அப்பாவுக்காகச் செய்தேன். பென்சிலை நாக்கில் தொட்டு, இரண்டு மூன்றுகளையும் மூடினேன். கூட்டினால் நூற்றெட்டு. கோயிலைச் சுற்றும் எண்ணிக்கை! அம்மனே வந்து கையைப் பிடித்துப் போட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது.

லாரி மாமா வந்து அட்டையை வாங்கி, ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அப்பாவும் சிரித்துக்கொண்டே போட்டார். இரண்டு பேரும் எண்களைப் பார்க்கவில்லை. சாமானை விளக்கடியில் பிடித்து மூன்று தடவை திருப்பிப் பார்க்கிற என் அப்பா, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

கொட்டகையில் மேஜைக்குப் பின்னால் கிளப் செக்ரெட்டரி இருந்தார். ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், எல்லோரையும் நைனா என்பார். அட்டையை வாங்கிக் கூட்டினார். "நூத்தியெட்டு" என்றார். நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

"இன்னா சொல்ற நீ? தொண்ணூத்தெட்டு!" என்றார் லாரி மாமா.

"ஏழாவதுல எட்டு, பதினாறாவதுல எட்டு. எழுதியிருக்குதே நைனா."

"எட்டா? நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன்யா. மூணு, மூணு! ஆள பேஜார் பண்ணாத!"

செக்ரெட்டரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார். "கையெழுத்து போட்டு குடுத்தப்புறம் கம்மியா எழுதியிருந்தா ஆளைப் போட்டியிலேர்ந்து தூக்கிடணும், அதிகமா எழுதியிருந்தா அதுதான் நிக்கும். ரூல் அது. ஆனா புள்ள கிறுக்கிடுச்சுன்னு நீ ஒரு வார்த்த சொல்லு நைனா, நான் அடிச்சிட்டுத் திருத்திக்கறேன். எல்லாரும் நம்ம ஆளுங்கதான."

அப்பா அட்டையைக் கையில் வாங்கினார். கம்பெனியில் சாமானைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். கொட்டகையில் இருந்த பத்துப் பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். பலகைக்குக் கீழே பெயிண்ட் டப்பாவை யாரோ அதற்குள் திறந்தும் வைத்துவிட்டார்கள்.

"புள்ள மேல ஒன்னும் இல்ல" என்றார் அப்பா. "கையெழுத்து என்னுது. பாக்காம போட்டேன். இதுக்கே கம்பெனியில எத்தினி பேரை நிக்கவெச்சுக் கேட்டுருக்கேன்? எட்டுன்னு இருந்தா எட்டுதான் சார். நூத்தியெட்டு எழுதிக்கோங்க."

லாரி மாமா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். பெயிண்ட் டப்பாவை மூடினார்கள். நான் திரும்பவும் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு அப்பா நூற்றொன்று வரைக்கும் வந்தார். இரண்டே வருஷத்தில் அந்த நிலத்துக்கு ஒரு கிடங்கு வந்துவிட்டது, பலகையை எங்கே கொண்டுபோனார்களோ தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் டிவியில் யாரோ ஆடுவதைப் பார்த்து எனக்கு விளங்கியபோது, நேராக அப்பாவிடம் போய் நின்றேன். அவர் டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சத்தத்த கொஞ்சம் கொறைம்மா" என்றார். கோப்பை வாங்கின அப்பாக்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கலாம். ஆறு வருஷம் காத்திருந்த ஒன்றை, ஒரு வார்த்தை சொன்னால் கிடைத்துவிடும் என்கிற இடத்தில் நின்றுகொண்டு, அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்ட ஒருவரை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம். எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் என் அப்பா.

அந்தப் போட்டி நாளில் வீட்டுக்குத் திரும்பும் வழியில், அப்பா கம்பெனிச் சுவர்களைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும், கரும்பு ஜூஸ் வண்டி அருகே நிறுத்தி எனக்கு ஒரு டம்ளர் வாங்கிக்கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"ஏழாவது குழியில அப்பா எத்தினிம்மா அடிச்சேன்?"

நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவர் காதருகே போனேன். "மூணுதாம்பா. ரெண்டு வாட்டியும் மூணுதான். ரொம்பக் கம்மியா வந்துச்சா, அதான் நானே ஏத்திப் போட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார், சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். "சொல்லலம்மா" என்றார். அம்மாவிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை.

அவர் சிரித்ததில் எனக்கு நிம்மதியாகிவிட்டது. மறுபடி ஸ்கூட்டரில் முன்னால் ஏறி நின்றுகொண்டு, ஹேண்டிலைப் பிடித்திருந்த அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன். ஒரு நாள் சரியாக ஆடாவிட்டால் என்ன, மனிதர்களுக்கு அப்படி ஆவது சகஜம்தானே.

"கவலைப்படாதப்பா" என்றேன். "அடுத்த மாசம் நெறைய அடிச்சிடலாம்."

"சரிம்மா" என்றார், வாழ்க்கையிலேயே மிக நன்றாக ஆடிவிட்டு வந்துகொண்டிருந்த என் அப்பா.